டி5 குழாயிலிருந்து எல்இடிக்கு: சின்னப் பவளத் தொட்டியில் ஒளியை மாற்றும்போது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரத்தில் ஒரு பவளத் தொட்டி. மேலே நாலு 24 வாட் டி5 குழாய்கள் (மெல்லிய குழல்விளக்குகள்). பவள வகைகளில், கீழ்ப்பகுதியில் மஷ்ரூம், நடுவில் ஜோவா, ஒரு ஹாமர், ஒரு டார்ச், மேல் பாறையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாண்டிபோரா. சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில், வரவேற்பறையில் இருக்கிறது. குழாய் மாற்றும் காலம் வந்துவிட்டது. புதுக் குழாய் வாங்குவதற்குப் பதில் எல்இடிக்கே போய்விடலாமா, எத்தனை வாட், எந்த பிராண்டு, மாற்றினால் பவளங்கள் செத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். போவதுதான் சரி என்றும் சொல்வேன். பொதுப் பயன்பாட்டுக்கான டி5 குழாய்களை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டது. மீன்தொட்டிக்கென்று செய்யப்படும் குழாய்கள் இன்னும் கிடைக்கின்றன என்றாலும் அந்தச் சந்தை சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. டி5 மோசமான ஒளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொட்டி முழுக்கச் சமமாக, நிழல் விழாமல் ஒளி பரப்புவதில் அதை அடித்துக்கொள்ள இன்னும் ஆள் இல்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. எல்இடிக்கு மாறிய பிறகு பவளம் வெளுத்துப்போன கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் எல்இடியின் தரம் காரணமில்லை, ஒளி குறைந்துபோனதும் காரணமில்லை. ஒளி மிக அதிகமாக, மிகச் சீக்கிரமாக விழுந்ததுதான் காரணம். போட்டவருக்கோ அது அதிகம் என்று தெரிந்திருக்காது. தெரியாமல் போவதற்கு நம் கண்ணின் அமைப்பே காரணம்.

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தை. அங்கே கண்ணின் உணர்திறனை 100 என்று வைத்தால், 450 நானோமீட்டர் நீலத்தில் அது 4கூட இல்லை. பவளத் தொட்டி எல்இடியில் ராயல் ப்ளூ என்கிற சில்லுகள்தான் பிரதானம், அவை சுடர்வது ஏறக்குறைய அதே 450-ல். எனவே உங்கள் டி5-ன் வெள்ளையும் நீலமும் கலந்த ஒளியையும் புது எல்இடியின் நீல ஒளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எல்இடி மங்கலாகத் தெரியும். "என்னடா இது, இவ்வளவு காசு போட்டு வாங்கினோம், இருட்டாக இருக்கிறதே" என்று தோன்றும், கை தானாக அளவைக் கூட்டும். அதே நேரத்தில் பவளத்துக்குள் இருக்கும் பாசி, பழகிய அளவைப்போல் இரண்டு மடங்கு ஒளியை வாங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் பாசிதான் ஜூசாந்தெல்லே. பவளத்தின் திசுவுக்குள்ளேயே வாழ்ந்து, ஒளிச்சேர்க்கை செய்து, கிடைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. குளோரோபில் ஏ, குளோரோபில் சி2, பெரிடினின் என்ற நிறமிகளைக் கொண்டு ஒளியைப் பிடிக்கிறது. இவை மூன்றும் சேர்ந்து 400 முதல் 550 வரையுள்ள நீல, நீலப்பச்சைப் பகுதியை நன்றாக உறிஞ்சும். கடல்நீர் முதல் சில மீட்டரிலேயே சிவப்பை விழுங்கிவிடுவதால், ஆழத்துக்குப் போய்ச் சேரும் நீலத்தை வைத்து வாழப் பழகிய உயிர் இது. ஒளி குறைந்த இடத்தில் பாசியும் நிறமியும் கூடும், பவளம் பழுப்பாகத் தெரியும். ஒளி கூடிய இடத்தில் நிறமி குறையும். இந்தச் சரிக்கட்டல் நடக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த அவகாசம் கொடுக்காமல் ஒளியைத் திடீரென்று ஏற்றினால் பாசியின் ஒளிச்சேர்க்கை எந்திரம் பழுதாகி, ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் பெருகுகின்றன. பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. வெளுத்தல் என்பது இதுதான்.

இதை நேரில் பார்த்தால் இப்படி இருக்கும். ஒளி மாற்றிய முதல் நாள் ஹாமர் வழக்கம்போல் விரியும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். இரண்டாம் மூன்றாம் நாள் மதியம், ஒளி உச்சத்தில் இருக்கும்போது, விரல்போல் நீளும் கொடுக்குகள் பாதிக்கு உள்ளே போய், நுனிகள் மட்டும் எலும்புக்கூட்டின் விளிம்பில் ஒட்டினாற்போல் நிற்கும். உற்றுப் பார்த்தால் வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் மெல்லிய நூல் ஒன்று தொங்கும். கழிவு என்றுதான் முதலில் தோன்றும். நீரோட்டத்தில் அது அறுந்து போனதும் இன்னொன்று வரும். பவளம் பொதி பொதியாக வெளியே தள்ளும் பாசி அது. மஷ்ரூம் இதைவிடச் சீக்கிரமே சொல்லிவிடும். தட்டையாக விரிந்து கிடந்தது ஓரங்களை மேலே மடித்துக் கிண்ணம்போல் குவியும், அல்லது பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். மாண்டிபோரா கடைசியில்தான் காட்டும், ஒளியைப் பார்த்திருக்கும் மேல்பரப்பில் மட்டும் நிறம் நீர்த்துப்போகும். அதைக் கவனிப்பதற்குள் ஒரு வாரம் ஓடியிருக்கும். எனவே உங்கள் தொட்டியில் தினமும் பார்க்க வேண்டியது மஷ்ரூமை.

சரி, எவ்வளவு ஒளி தேவை? வாட் கணக்கை மறந்துவிடுங்கள். லிட்டருக்கு இத்தனை வாட் என்ற பழைய வாய்ப்பாடு குழாய்க் காலத்திலேயே உத்தேசம்தான், எல்இடிக்கு அது அறவே பொருந்தாது. சில்லின் திறன், லென்ஸின் கோணம், தொங்கவிடும் உயரம் மூன்றும் சேர்ந்து, அதே 50 வாட்டை இரண்டு தொட்டிகளில் இரண்டு விதமாக்கிவிடும். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கும் அப்படித்தான். 10,000, 14,000, 20,000 கெல்வின் என்று மெட்டல் ஹாலைடு பல்புகளைப் பிரித்துப் பேசியதில் ஓரளவு பொருள் இருந்தது. நீலச் சில்லுகள் நிறைந்த விளக்குக்கு அந்த எண் எதையும் சொல்லாது. பார்க்க வேண்டியது பார் (PAR) அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதுதான் அது. வெப்பமண்டல நண்பகலில் கடல் மேற்பரப்பில் இது 2000 அளவில் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவோ ஆசைப்படவோ வேண்டாம். உங்கள் மஷ்ரூமுக்கும் ஜோவாவுக்கும் 50 முதல் 100 போதும். ஹாமருக்கும் டார்ச்சுக்கும் 80 முதல் 150. மாண்டிபோராவுக்கு 150 முதல் 200 கிடைத்தால் நன்றாக வளரும். அக்ரோபோரா என்ற பவளம் வைத்திருந்தால்தான் 250, 300 என்று யோசிக்க வேண்டும், உங்களிடம் அது இல்லை.

குறைந்த ஒளியில் பவளம் தாக்குப்பிடிக்குமா என்ற சந்தேகம் வருகிறவர்கள் நம் ஊர்க் கடலையே பார்க்கலாம். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள நீர் கலங்கலானது, ஒளி ஆழமாக இறங்காது. பவளங்கள் பெரும்பாலும் மேல் 6 முதல் 8 மீட்டருக்குள்ளேயே வளர்கின்றன. அந்தக் கலங்கலிலும் இங்கே 250-க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் பதிவாகியிருக்கின்றன. 2014-ல் சிஸ்டர்ஸ் தீவுகளைக் கடல் பூங்காவாக அறிவித்ததற்கு இந்த வளமும் ஒரு காரணம். இதே கடலில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரும் வெளுத்தல் நடந்தது. மூன்று முறையும் தூண்டியது நீரின் சூடு. வெப்பமும் ஒளியும் சேரும்போதுதான் பவளம் உடைகிறது. தொட்டியில் ஒளியை மாற்றும் வாரங்களில் சூட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். 25-லிருந்து 27 டிகிரிக்குள் வைத்திருங்கள். 29-ஐத் தொடும் தொட்டியில் அந்த வாரம் ஒளியைக் கூட்டாதீர்கள்.

இப்போது நான் சொல்லப்போவது செலவு அதிகமில்லாத, ஆனால் கிட்டத்தட்ட யாரும் செய்யாத ஒன்று. டி5-ஐக் கழற்றுவதற்கு முன்பே, ஒரு பார் மீட்டரைக் கடன் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, ஒவ்வொரு பவளமும் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில் அளவெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பழைய குழாய்களோடே அளந்துவிடுங்கள். டி5 குழாய் 9 முதல் 12 மாதத்தில் கணிசமாக மங்கிவிடும். உங்கள் பவளங்கள் பழகியிருப்பது பெட்டியில் எழுதியிருக்கும் ஒளிக்கு அல்ல, இந்த மங்கிய ஒளிக்கு. ஹாமர் இருக்கும் இடத்தில் இன்று 70 இருக்கிறது என்று தெரிந்தால், எல்இடியில் 50-லிருந்து தொடங்கலாம் என்று தெளிவாகத் தெரியும். இந்த எண் கையில் இல்லாதவர்கள்தான் விளக்குச் செயலியில் காட்டும் சதவீதத்தை நம்பிக் குழம்புகிறார்கள். ஒருவருடைய 40 சதவீதமும் இன்னொருவருடைய 40 சதவீதமும் ஒன்றல்ல, ஒரே மாடல் விளக்காக இருந்தாலும்கூட, உயரமும் நிறக் கலவையும் வேறு.

மீட்டரில் ஒரு எச்சரிக்கை. அப்போஜி எம்க்யூ-510 போன்ற முழு நிறமாலை மீட்டர் நீருக்குள் அளப்பதற்கென்றே செய்யப்பட்டது, அதை நம்பலாம். அதே நிறுவனத்தின் பழைய எம்க்யூ-200 வகை, நீலத்தைக் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஒளியைக் கூட்டினால் மறுபடியும் அதே வம்பு. கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலிகளை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் கணக்கு. 450-ல் கண்ணுக்கு வரும் அதே குறை அதற்கும் உண்டு.

அடுத்தது விளக்கு. 60-க்கு 40 என்பது எல்இடிக்கு மிக வசதியான அளவு. ஏஐ பிரைம், ரேடியான் எக்ஸ்ஆர்15, கெஸில் ஏ360எக்ஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு விளக்கு, உங்கள் பவளங்களுக்குப் போதும். மூன்றுக்குள் எது சிறந்தது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. பிரைம் விலை குறைவு, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். கெஸிலில் சில்லுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக இருப்பதால் மணலில் விழும் நீரலை நெளிவு அழகாக இருக்கும், அதே காரணத்தால் நிழலும் கருமையாக விழும். ரேடியான் நன்றாகப் பரப்பும், விலை கூடுதல். கருப்புப் பெட்டி என்று அழைக்கப்படும் மலிவான 165 வாட் சீன விளக்குகளிலும் பலர் அருமையாகப் பவளம் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அது 40 செ.மீ. ஆழத் தொட்டிக்கு மிகையான சக்தி. மிகக் கீழே குறைத்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும், விசிறிச் சத்தமும் வரவேற்பறையில் கேட்கும். வாங்கினால் தேய்ந்த சில்லை மாற்றவும் சர்வீஸ் செய்யவும் ஊரில் ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பிராண்டு பெயரைவிட எனக்கு அதுதான் பெரிது.

பலர் தவறவிடுவது நிழல். டி5-ல் நாலு நீளக் குழாய்கள் நாலு பக்கத்திலிருந்தும் ஒளி தந்தன. எல்இடி ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. மாண்டிபோரா தட்டின் அடியிலும் பாறையின் பின்பக்கத்திலும் இதுவரை கிடைத்த ஒளி நின்றுவிடும். விளக்கைத் தொட்டியின் நடுவில் நேர்மேலே வைக்காமல் சற்று முன்பக்கமாக வைத்தால், நாம் பார்க்கும் முகப்பில் ஒளி விழும். உயரம் நீர்மட்டத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. இருக்கட்டும். அதைவிடத் தாழ்த்தினால் நடுவில் ஒரு சூடான புள்ளி உருவாகும், அங்கே பார் 300, மூலையில் 40 என்று இருக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால், உங்கள் பழைய டி5 பெட்டியில் இரண்டு குழாய்களை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் எல்இடியைத் தொங்கவிடுங்கள். கலப்பு முறை என்பார்கள். நிழல் பிரச்சினைக்கு அதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை, ஆனால் குழாய் வாங்கும் வேலை தொடரும். மாண்டிபோரா ஒன்றே ஒன்று என்பதால் உங்களுக்கு அது அவசியமில்லை.

நிற அமைப்பைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. நான் எளிமையாக வைத்துக்கொள்வேன். ராயல் ப்ளூவும் ப்ளூவும் முழு அளவில், வயலட் அதற்குச் சற்றுக் குறைவாக, வெள்ளை 10 முதல் 20 சதவீதம், பச்சையும் சிவப்பும் 5-க்குள். மொத்த ஒளியை ஏற்ற இறக்க இந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒட்டுமொத்த அளவை மட்டும் மாற்றுங்கள். சிவப்பை ஏன் இவ்வளவு அடக்குவது என்றால், அது பாறையில் பாசிக்கு உதவுகிற அளவுக்குப் பவளத்துக்கு உதவுவதில்லை. 2014-ல் ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டா என்ற பவளத்தை வைத்து நடந்த ஓர் ஆய்வில், சிவப்பு ஒளி அதன் ஒளிச்சேர்க்கைச் செயல்பாட்டை ஒடுக்கியது. கண்ணுக்கு நிறம் இயல்பாகத் தெரிய ஒரு துளி சிவப்பு இருந்தால் போதும். வெள்ளையைக் கூட்டுவது தவறில்லை, மீன்களின் நிறம் நன்றாகத் தெரியும். பவளத்தின் ஒளிர்வு மட்டும் அடங்கிவிடும்.

ஒளிர்வு என்றதும் ஒன்று சொல்ல ஆசை. ஜோவாவின் ஓரத்தில் தெரியும் அந்தப் பச்சை, நீல ஒளியை வாங்கிப் பச்சையாக உமிழும் புரதத்தால் வருவது. அதே குடும்பத்துப் புரதத்தை ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்த ஒசாமு ஷிமோமுராவுக்கும், அதை உயிரியல் கருவியாக்கிய மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் இருவருக்கும் 2008-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதைத் தூண்டும் நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல். சாயங்காலம் வெள்ளை அணைந்து நீலம் மட்டும் எரியும் அந்த அரை மணி நேரத்தில் உங்கள் வரவேற்பறையில் இரண்டு நோபலும் சேர்ந்து வேலை செய்கின்றன. எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது.

இப்போது முக்கியமான பகுதி, பழக்குதல். மாற்றும் நாளில், அளந்து வைத்திருந்தால் பழைய பார் அளவில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து தொடங்குங்கள். அளக்க வழியே இல்லையென்றால் விளக்கின் மொத்த அளவை 25, 30 சதவீதத்தில் வைத்துத் தொடங்குங்கள். தொட்டி இருட்டாகத் தெரியும். தெரியட்டும். முதல் பத்து நாள் அதிலேயே விடுங்கள். அப்புறம் வாரத்துக்கு 5 சதவீதம். ஏற்றிய அடுத்த மூன்று நாள் மஷ்ரூமையும் ஹாமரையும் பாருங்கள். குவிந்தாலோ சுருங்கினாலோ முந்தைய வாரத்து அளவுக்கு இறங்கி இரண்டு வாரம் நில்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் உங்கள் இலக்குக்கு வந்துவிடலாம். அவசரப்பட்டு ஒரு பவளம் வெளுத்தால் அது தேறுவதற்கே மாதங்கள் ஆகும். ஒளி குறைவாக இருந்தாலோ, வாரக்கணக்கில் மெதுவாகத்தான் சேதம் வரும். ஜோவாவின் காம்பு நீண்டு ஒளியை நோக்கி எட்டிப் பார்க்கும், மஷ்ரூம் அகலமாகப் படரும், மாண்டிபோரா பழுப்பாகும். இவற்றில் எதையும் திருத்த உங்களுக்குத் தாராளமாக நேரம் இருக்கும். எனவே சந்தேகம் வந்தால் எப்போதும் குறைவான பக்கம் நில்லுங்கள்.

இந்த எட்டு வாரத்தில் பவளங்களை இடம் மாற்றாதீர்கள். ஒளியையும் இடத்தையும் ஒன்றாக மாற்றினால் எது எதனால் என்று தெரியாமல் போகும். தவிர்க்க முடியாமல் டார்ச்சை நகர்த்த வேண்டியிருந்தால் பக்கத்துப் பவளத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள், அதன் நீண்ட கொடுக்குகள் இரவில் எட்டிச் சுடும்.

நேரக் கணக்கு: மொத்தம் 9, 10 மணி நேரம். காலையில் ஒன்றரை மணி நேரம் மெல்ல ஏறி, ஆறு மணி நேரம் உச்சத்தில் நின்று, மறுபடி ஒன்றரை மணி நேரம் இறங்கட்டும். வேலை முடிந்து வந்து பார்ப்பீர்கள் என்றால் மதியம் 12-க்குத் தொடங்கி இரவு 9-க்கு முடியட்டும், பவளத்துக்குச் சூரியன் எப்போது உதித்தது என்ற கவலை இல்லை. ஒரு நாளின் மொத்த ஒளிதான் அதற்குச் சாப்பாடு. 100 பார் 10 மணி நேரம் விழுந்தால் சதுர மீட்டருக்கு 3.6 மோல். அதே கணக்கில், 14 மணி நேரம் எரியவிட்டால் உச்சம் குறைவாக இருந்தாலும் மொத்தம் கூடிவிடும். இரவு முழுக்க நிலா ஒளி என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள், எல்லா உயிர்களுக்கும் இருட்டு வேண்டும்.

ஒளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், நீரையும் சொல்லியாக வேண்டும். எல்இடி பவளத்தைக் கொன்றது என்று சொல்லப்படும் தொட்டிகளில் நீர்ச் சோதனையைக் கேட்டால், நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். பாஸ்பேட் பட்டினியில் இருக்கும் பாசி வலுவான ஒளியைத் தாங்காது, வெளுத்தல் எளிதில் வரும். மாற்றுவதற்கு முன் நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாஸ்பேட் உறிஞ்சும் பொருளை வடிகட்டியிலிருந்து எடுத்துவிட்டு மீனுக்குச் சற்றுத் தாராளமாகத் தீனி போடுங்கள், அது சரியான பிறகு விளக்கை மாற்றலாம். மாறி ஒரு மாதத்துக்குப் பிறகு, பவளங்கள் வளரத் தொடங்கினால் காரத்தன்மை வேகமாக இறங்கும். உங்கள் தொட்டியில் பாறையும் மணலும் போக 75, 80 லிட்டர் நீர்தான் இருக்கும். இவ்வளவு சின்ன அளவில் இறக்கம் சட்டென்று தெரியும். வாரம் இருமுறை சோதித்து 8 முதல் 9 டிகேஎச்சில் (காரத்தன்மையின் அலகு) நிறுத்துங்கள்.

மின்கட்டணத்தில் எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. நாலு குழாய்கள் 96 வாட், 10 மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். மாதம் 30 யூனிட், யூனிட் சுமார் 30 காசு என்றால் 9 வெள்ளி. எல்இடி சராசரியாக 45 வாட் இழுத்து 9 மணி நேரம் எரிந்தால் மாதம் 12 யூனிட், 4 வெள்ளிக்கும் குறைவு. மாதம் 5 வெள்ளி மிச்சம், வருடத்துக்கு 60. நல்ல விளக்கின் விலைக்கு முன்னால் இது சின்னத் தொகை. விற்பவர்கள் சொல்லுமளவுக்கு மின்சாரத்தில் லாபம் இல்லை. உண்மையான மிச்சம் இரண்டு இடத்தில்: ஆண்டுதோறும் நாலு குழாய் வாங்க வேண்டாம், நீரைக் குளிர்விக்கும் சில்லர் குறைவாக ஓடும். நீருக்கு மிக நெருக்கமாக எரியும் குழாய் நீரைச் சூடாக்கும், எல்இடியின் சூடோ பெரும்பாலும் மேலே உள்ள அலுமினியத் தகடு வழியாகக் காற்றில் போகிறது. நம் ஊர் வெப்பத்தில் இதுதான் பெரிய வரம். நீர் ஆவியாவதும் சற்றுக் குறையும், எனவே தானாக நன்னீர் நிரப்பும் கருவி வைத்திருந்தால் முதல் வாரம் உப்பளவு 1.025, 1.026-க்குள் நிற்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது மின்சாரப் பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். அடாப்டரில் சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் மலிவு விளக்குகளில் பெரும்பாலும் இது இருக்காது. அடாப்டரைச் சம்ப் (கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) இருக்கும் அலமாரிக்குள் வைக்காதீர்கள், அங்கே எப்போதும் ஈர உப்புக் காற்று. வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கிப் பிறகு மேலேறட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. விளக்கின் விசிறி உப்புப் படிந்து நிற்பதுதான் எல்இடியின் ஆயுளைக் குறைக்கும். மாதம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, காய்ந்த பிரஷால் துடைத்துவிடுங்கள். விளக்கின் அடிக் கண்ணாடியில் படியும் உப்புப் படலத்தையும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். மாதக்கணக்கில் துடைக்காமல் விட்டுத் திடீரென்று ஒருநாள் பளிச்சென்று துடைத்தால் அதுவும் பவளத்துக்கு ஒளியை ஏற்றியது மாதிரிதான்.

டி5 பெட்டியை உடனே விற்றுவிடாதீர்கள். புது விளக்கு முதல் மாதத்திலேயே பழுதாகிச் சர்வீசுக்குப் போகலாம், அந்த வாரங்களுக்குப் பழையது கை கொடுக்கும். எட்டு வாரமும் முடிந்து எல்லாம் நிலைத்த பிறகு பெட்டியை யாருக்காவது கொடுங்கள். தேய்ந்த குழாய்களில் பாதரசம் இருக்கிறது, வீட்டுக் குப்பைச் சரிவில் போட்டுவிட வேண்டாம். உடையாமல் தாளில் சுற்றி, விளக்குகளை ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.